.315 ரைபிளின் பின்னுதையிலிருந்து விரல்களைக் காப்பது எப்படி? மதுரைப் பக்கம் புதிதாக உரிமம் பெற்றவர்களுக்கு

அப்பாவின் .315 ரைபிள் என் பெயருக்கு மாறிய பிறகு நான் சுட்ட முதல் தோட்டாவிலேயே, ரைபிள் பின்னே உதைத்து என் வலக்கை நடுவிரல் எலும்பில் விரிசல் விழுந்தது. தோளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் தோளைப் பற்றித்தான் எச்சரித்திருந்தார்கள். விரலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

திருமங்கலத்துக்கு அருகே எங்களுக்கு மல்லிகைத் தோட்டம். பொழுது விடியும் முன் மொட்டு பறித்தால்தான் மாட்டுத்தாவணிச் சந்தைக்கு நேரத்தில் கொண்டுபோக முடியும். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் மூன்றும் ஒழுங்காக வேலை செய்தால்தான் மொட்டு காம்போடு கைக்கு வரும். அந்த ஆண்டு பூ நன்றாகப் பிடித்த காலத்தில் என் கையில் கட்டுப் போட்டிருந்தது. இந்த நிலை வேறு யாருக்கும் வரக்கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன். வாரிசாகவோ புதிதாகவோ .315, .30-06 ரைபிளோ 12 போர் இரட்டைக்குழல் துப்பாக்கியோ கைக்கு வந்திருப்பவர்கள் முதல் தோட்டாவைப் போடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

1. காகிதங்கள் சரியாக இருக்கின்றனவா?

விரலுக்கும் காகிதத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றும். காகிதம் சரியில்லாதவர் பயிற்சித் தளத்துக்குப் போக மாட்டார். தோப்புக்குள் ஒளிந்து ஒரே ஒரு தோட்டா சுட்டுப் பார்ப்பார். அடிபட்டாலும் மருத்துவரிடம் உண்மையைச் சொல்ல மாட்டார்.

மதுரை மாநகர எல்லைக்குள் இருப்பவர்களுக்கு உரிமம் வழங்குபவர் மாநகரக் காவல் ஆணையர். எங்களைப் போல் புறத்தே இருப்பவர்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்குப் போக வேண்டும். 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி விண்ணப்பத்துக்கு ஏ-1 படிவம், உடல், மன நலத்துக்கான மருத்துவச் சான்றுக்கு எஸ்-3 படிவம், பாதுகாப்புப் பயிற்சிச் சான்றுக்கு எஸ்-1 படிவம். வாரிசுக்கு மாற்றுவதென்றால் இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், உடன்பிறந்தவர்களின் ஆட்சேபணையில்லாக் கடிதம் ஆகியவையும் வேண்டும். அப்பா உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி உண்டு. உரிமதாரருக்கு 70 வயது நிறைந்தாலோ, ஆயுதத்தை 25 ஆண்டுகள் வைத்திருந்தாலோ, அவர் தம் வாரிசின் பெயரைக் கொடுத்து மாற்றித் தரலாம். முடிந்தவர்கள் இப்படிச் செய்யுங்கள். அந்தத் துப்பாக்கியை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கவும் அப்பா பக்கத்தில் இருப்பார். எனக்கு அந்த வாய்ப்பு அமையவில்லை.

அப்பா இறந்ததும் ரைபிளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினேன். என் பெயருக்கு உரிமம் வந்து அதைத் திரும்ப எடுக்கப் பதினொரு மாதம் ஆயிற்று. அத்தனை மாதம் அடைந்து கிடந்த ஆயுதத்தை அப்படியே சுடாதீர்கள். மரக்கட்டையைப் பிடித்திருக்கும் திருகாணிகள் தளர்ந்திருக்கலாம்; தோளில் பதியும் அடிக்கட்டையின் ரப்பர் கல்லாக இறுகியிருக்கலாம்; குழலுக்குள் துரு இருக்கலாம். உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

எஸ்-1 சான்றுக்கான பயிற்சியைப் பலர் கையெழுத்துக்காக மட்டும் முடிக்கிறார்கள். நானும் அப்படித்தான் முடித்தேன். அங்கே பயிற்சி தருபவரிடம், "என் கைக்கு இந்தப் பிடி சரியா என்று பாருங்கள் அண்ணன்" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இந்தக் கட்டுரையை எழுதும் தேவையே வந்திருக்காது.

2. எங்கே சுடுவது

சொந்த வயலில் சுட்டுப் பழகாதீர்கள். .315 குண்டு உங்கள் வரப்போடு நின்றுவிடாது. திருவிழாவிலும் கல்யாணத்திலும் வானத்தை நோக்கிச் சுடுவது 2019 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே கிடைக்கக்கூடிய குற்றம். காட்டுப்பன்றி தோட்டத்தை அழிக்கிறது என்ற கோபம் எனக்கும் உண்டு. ஆனால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் அதன்மீது சுடுவது வேறொரு சட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தும்.

பயிற்சித் தளத்துக்குப் புறப்படும் முன் தொலைபேசியில் கேளுங்கள். 10 மீட்டர் ஏர் ரைபிள் தளத்திலும் .22 தளத்திலும் .315 சுட விடமாட்டார்கள். பெரிய ரைபிளுக்கு ஏற்ற மண்மேடு உள்ள தளம் எது, விருந்தினர் சுடலாமா, கட்டணம் எவ்வளவு, எந்தக் கிழமை என்று நான்கையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உரிமத்தின் அசல், அடையாள அட்டை, தோட்டா வாங்கிய பில் மூன்றும் கையில் இருக்க வேண்டும். ரைபிளில் தோட்டா இல்லாமல், முழுவதும் உறைக்குள் மூடி எடுத்துச் செல்லுங்கள். தோட்டா தனிப் பையில். உரிமம் எந்த எல்லைக்குள் செல்லும் என்று அதிலேயே எழுதியிருக்கும், அதையும் பாருங்கள்.

தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டால் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரும். பயிற்சிக்கு நாள் குறிக்கும் முன் அதையும் கணக்கில் வையுங்கள்.

3. அடி எங்கிருந்து வருகிறது

.22 ரைபிளின் குண்டு இரண்டரை கிராம் சொச்சம். .315 குண்டு 16 கிராமுக்குச் சற்றுத்தான் குறைவு. அது முன்னே பாயும்போது மூன்றரைக் கிலோ ரைபிள் பின்னே பாய்கிறது. நான் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, அந்தப் பின்னோட்டத்தின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ நான்கு மீட்டர் வந்தது. சுத்தியலால் அடிக்கும் வேகத்தோடு ஒப்பிடத்தக்கது. பழைய குடும்பங்கள் சிலவற்றில் .375 எச் அண்டு எச் போன்ற ரைபிள்கள் இருக்கும். அதன் குண்டு 19 கிராமுக்கு மேல்; .458 என்றால் 32 கிராம். குண்டு கனக்கக் கனக்க, இங்கே நான் சொல்லும் தவறுகளுக்குக் கொடுக்க வேண்டிய விலையும் கூடும்.

ரைபிள் பின்னே வரும்போது கையும் அதோடு சேர்ந்து வந்தால் ஒன்றும் ஆகாது. ரைபிள் வந்து, கை நின்ற இடத்திலேயே நின்றால்தான் அடி. சுடுவதற்கு விரலால் அழுத்தும் விசையைச் சுற்றி ஓர் இரும்பு வளையம் இருக்கிறது அல்லவா? அதன் பின்பக்க வளைவுக்கு நேர் பின்னால் இருப்பது உங்கள் நடுவிரல். கை தளர்ந்திருந்தால் அந்த இரும்பு நேராக வந்து நடுவிரல் எலும்பில் மோதும். என் விரலில் விரிசல் விழுந்தது இப்படித்தான். முந்தைய இரவு ரைபிளைத் துடைத்து எண்ணெய் போட்டிருந்தேன். பிடிக்கும் கழுத்துப் பகுதியில் அந்த வழுவழுப்பு அப்படியே இருந்தது. சித்திரை வெயில், கையெல்லாம் வியர்வை. கட்டையை நான் பிடித்திருந்தேன் என்று சொல்வதைவிட, கை அதன்மேல் படிந்திருந்தது என்பதே சரி.

இரண்டாவது அடி சுட்டுவிரலுக்கு. விசையில் விரலின் நுனிச் சதை மட்டும் படிய வேண்டும். இரண்டாம் கணுவரை உள்ளே நுழைத்தால் விரலுக்கு ஓட இடமில்லை. .315 வகையில், தோட்டா அறையைத் திறந்து மூடும் போல்ட்டின் கைப்பிடி விசைக்கு மிக அருகில் தொங்குகிறது; அதன் குமிழும் சுட்டுவிரல் கணுவைப் பதம் பார்க்கும்.

மூன்றாவது கட்டைவிரல். அடிக்கட்டை குட்டையாக இருந்து முகத்தை முன்னே நீட்டி வைத்தால், பின்னே வரும் கட்டைவிரல் மூக்கில் மோதும். விரலுக்கும் வலி, மூக்கிலும் ரத்தம்.

4. ரைபிள் உங்கள் கைக்கு அளவா?

அப்பாவின் செருப்பு நமக்குப் பொருந்தாதபோது அப்பாவின் ரைபிள் மட்டும் எப்படிப் பொருந்தும்? அவர் என்னைவிட நான்கு அங்குலம் உயரம் குறைந்தவர். அவருக்குத் தக்க அடிக்கட்டை எனக்குக் குட்டை.

அளவு பார்க்கும் முன் போல்டைத் திறந்து, தோட்டா அறையும் தோட்டாப் பெட்டியும் காலியா என்று கண்ணால் பாருங்கள், விரலை விட்டும் தடவுங்கள். பிறகு சுவரை நோக்கித் தோளில் பொருத்திக் கன்னத்தைக் கட்டையில் வையுங்கள். பக்கத்தில் ஒருவரை நிறுத்தி, கட்டைவிரலுக்கும் மூக்குக்கும் நடுவே எத்தனை விரற்கடை இடம் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு விரற்கடையாவது இருக்க வேண்டும். அடுத்து, வளையத்தின் பின்வளைவுக்கும் நடுவிரலுக்கும் இடையே ஒரு பென்சில் நுழைகிறதா என்று பாருங்கள். நுழையவில்லை என்றால் கையை அந்த அளவுக்குப் பின்னே தள்ளிப் பிடியுங்கள். அப்படித் தள்ளியதும் சுட்டுவிரல் விசைக்கு எட்டவில்லை என்றால் கட்டை உங்களுக்கு ஒத்து வரவில்லை. தொழில் தெரிந்தவரிடம் அளவு கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

5. பிடி

எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் உசிலம்பட்டிப் பக்கத்து ஓய்வுபெற்ற ராணுவ ஹவில்தார். அப்பாவின் நண்பர், மாமா என்று அழைப்பேன். என் கட்டுப் போட்ட விரலைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ரைபிளைத் தூக்கிப் பிடித்தாயா, இழுத்துப் பிடித்தாயா?" என்பதுதான்.

வலக்கையின் நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் மூன்றும் கட்டையின் கழுத்தைச் சுற்றி வளைத்து, ரைபிளைத் தோளுக்குள் இழுக்க வேண்டும். முன்னோக்கித் தள்ளுவதும் கீழே அழுத்துவதும் கூடாது. தண்ணீர் நிறைந்த குடத்தை இடுப்பில் அணைக்கும் அழுத்தம் போதும். அதற்கு மேல் இறுக்கினால் கை நடுங்கும். அதற்குக் குறைந்தால் ரைபிள் தனியாக ஓடிவந்து அடிக்கும். மூன்று விரலில் சுண்டுவிரலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது தளர்ந்தால் மணிக்கட்டு திரும்பும், நடுவிரல் வளையத்தை நோக்கி நகர்ந்துவிடும்.

சுட்டுவிரல் இந்த இழுப்பில் சேராது. அது தனியாக, நுனிச் சதையால் விசையை நேர் பின்னே அழுத்தும். குறி முடிவாகும் வரை அது வளையத்துக்கு வெளியே நீட்டியபடிதான் இருக்க வேண்டும். கட்டைவிரலை மேலே குறுக்காகப் போடாமல் வலப்பக்கமாகச் சாய்த்து வையுங்கள். இடக்கையும் சும்மா தாங்கிக்கொண்டிருக்கக் கூடாது. முன்கட்டையைப் பற்றி அதுவும் பின்னே இழுக்க வேண்டும். இரண்டு கையும் பங்கு போட்டுக்கொண்டால் வலக்கையின் சுமை பாதியாகிறது.

மேசையில் மணல் மூட்டை வைத்து, முன்னே கவிழ்ந்து சுடாதீர்கள். புதியவர்கள் விரும்புவது இதைத்தான், அடி அதிகம் வாங்குவதும் இதில்தான். நின்று சுடும்போது உடம்பு பின்னே சாய்ந்து உதையை வாங்கிக்கொள்கிறது. மேசையிலோ படுத்தோ சுடும்போது உடம்புக்குப் போக வழியில்லை. ஆகவே முதல் நாள் நின்றே சுடுங்கள். இடக்கால் அரை அடி முன்னே, உடல் எடை முன்காலில்.

மாமா என்னை ஒரு வாரம் வீட்டிலேயே வெறும் ரைபிளோடு நிறுத்தி வைத்தார். தினமும் கால் மணி நேரம்: தோளில் பொருத்து, மூன்று விரலால் இழு, பத்து எண்ணு, இறக்கு. தோட்டா அந்த அறையிலேயே இருக்கக்கூடாது என்பது அவர் போட்ட நிபந்தனை. சலிப்பாக இருந்தது உண்மைதான். ஆனால் எட்டாம் நாள் தளத்தில் என் கை தானாகவே அந்தப் பிடிக்குப் போயிற்று.

6. இரட்டைக்குழல் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு விசை உள்ள 12 போரில் முன் விசையை முதலில் அழுத்துங்கள். பின் விசையில் விரலை வைத்துச் சுட்டால், பின்னே வரும் முன் விசை சுட்டுவிரலின் புறப்பக்கத்தில் அடிக்கும். முன் விசைக்கு மடங்கும் கீல் இருக்கும் துப்பாக்கிகளில் மட்டும் இந்தத் தொல்லை குறைவு. கை தளர்ந்திருந்தால் முதல் உதையிலேயே விரல் வழுக்கிப் பின் விசையையும் அழுத்திவிடும்; இரண்டு குழலும் ஒருசேர வெடித்தால் விரல் மட்டுமல்ல, தோளும் தாங்காது. பழகும் வரை ஒரே ஒரு தோட்டாவைப் போடுங்கள்.

7. வாங்க வேண்டியவையும் வாங்கக் கூடாதவையும்

கையில் பணம் இருக்கிறதென்று எல்லாவற்றையும் முதலிலேயே வாங்காதீர்கள். பிடி சரியாகாமல் எந்தப் பஞ்சும் காப்பாற்றாது.

அடிக்கட்டையில் சொருகும் ரப்பர் உறை ஒன்று வாங்கினேன், ஆயிரத்து இருநூறு ரூபாய். உதையை வாங்குவதோடு கட்டையின் நீளத்தையும் ஓர் அங்குலம் கூட்டுவதால் எனக்கு இரட்டைப் பலன். பழைய சைக்கிள் ட்யூபில் நான்கு விரல் நீளம் வெட்டி, வளையத்தின் பின்வளைவில் வெளிப்புறமாகச் சுற்றி ஒட்டினேன், செலவே இல்லை. ஒரு துணுக்குகூட வளையத்துக்குள் நீட்டிக்கொண்டு விசையைத் தொடக்கூடாது. ஒட்டிய பிறகு காலி ரைபிளில் விசை தடையின்றி முன்னும் பின்னும் போகிறதா என்று பத்து முறை பாருங்கள். நடுவிரலில் மருந்துக்கடை ஒட்டுப்பட்டை இரண்டு சுற்று. கையுறை போடுவதானால் மெல்லிய தோலில், சுட்டுவிரல் நுனி வெட்டியதாக இருக்கட்டும். தடித்த வேலைக் கையுறை விசையின் உணர்வைக் கெடுத்து, வளையத்துக்குள் சிக்கவும் செய்யும்.

எல்லோரும் விழும் குழி இனிமேல்தான் வருகிறது. கட்டையை நீட்ட வேண்டும் என்றதும் தெரிந்த தச்சர் ஆசாரியிடம் ரைபிளைக் கொடுத்துவிட்டு வருவார்கள். நானும் கொடுக்கவிருந்தேன், மாமா தடுத்தார். ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைப் பழுதுபார்ப்பதும் மாற்றுவதும் குற்றம். உரிமம் இல்லாதவர் கையில் அது தங்குவதும் குற்றம். அந்த ஆசாரிக்கும் உங்களுக்கும் சேர்த்து வழக்கு வரும். உரிமம் பெற்ற பழுதுபார்ப்பவரிடம் மட்டும் கொடுங்கள், நீங்களே நேரில் எடுத்துச் செல்லுங்கள். வேறொருவர் பழுதுபார்க்க எடுத்துச் செல்வதானால் உங்கள் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் அவரிடம் இருக்க வேண்டும். அரம் வைத்து வளையத்தை நீங்களே தேய்ப்பதும் வேண்டாம்.

8. முதல் நாள்

மோதிரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். என் மோதிர விரலும் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது. தெற்காவணி மூல வீதியில் நகை செய்பவர் ஒருவர் பொறுமையாக அறுத்து எடுத்துக் கொடுத்தார். மாமனார் போட்ட மோதிரம்.

கட்டையின் கழுத்தில் உள்ள எண்ணெயை உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கை வியர்த்தால் நிறுத்தித் துடைத்துக்கொண்டு சுடுங்கள். கோடையில் காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுவது நல்லது. காதுக்கும் கண்ணுக்கும் கவசம் கட்டாயம். வெடிச் சத்தத்துக்குப் பயந்துதான் பாதிப் பேர் பிடியை விடுகிறார்கள்.

வாய்ப்பிருந்தால் அங்கேயே .22 ரைபிளில் பத்துத் தோட்டா சுட்டுவிட்டுப் பெரியதை எடுங்கள். முதல் நாள் .315 என்றால் ஐந்து தோட்டா போதும். தளத்தில் பொறுப்பில் இருப்பவரிடம், நீங்கள் பார்க்காமல் நடுநடுவே போலித் தோட்டா வைத்துத் தரச் சொல்லுங்கள். வெடிக்காத தோட்டாவில் உங்கள் கை துள்ளினால், உதை வரும் முன்பே நீங்கள் பயந்து பிடியைத் தளர்த்துகிறீர்கள் என்று பொருள். அன்றைக்கு அதோடு நிறுத்திவிட்டு, மறுபடி ஒரு வாரம் வெறும் ரைபிளோடு பழகுங்கள். ஓர் ஆண்டுக்கு எத்தனை தோட்டா வாங்கலாம் என்பது உரிமத்திலேயே எழுதியிருக்கிறது. வலியோடு சுட்டு அதை வீணாக்காதீர்கள்.

9. அடிபட்டுவிட்டால்

முதல் வேலை, ரைபிளை வெடிக்காத நிலைக்குக் கொண்டுவந்து கீழே வைப்பது. வலியில் திரும்பிவிட்டால் குழல் யாரையாவது பார்க்கும். மோதிரம் போட்டிருந்தால் உடனே கழற்றுங்கள், வீக்கம் காத்திருக்காது. துணியில் சுற்றிய பனிக்கட்டியை கால் மணி நேரம் வைத்து எடுங்கள். கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்தியே வைத்திருங்கள்.

நான் செய்த பெரிய தவறு இதற்குப் பிறகுதான். "விரல் மடங்குகிறதே, எலும்புக்கு ஒன்றும் இருக்காது" என்று எண்ணெய் தடவி உருவிவிட்டு, இறுக்கமாகத் துணிக்கட்டுப் போட்டு மூன்று நாள் இருந்தேன். விரிசல் விட்ட எலும்பும் ஓரளவு மடங்கத்தான் செய்யும். எக்ஸ்ரே எடுத்த பிறகே விரலில் யாரும் கை வைக்க வேண்டும், கட்டுப் போடுபவரும் சரி, உறவினரும் சரி. எக்ஸ்ரேக்குத் தனியார் மையத்தில் நானூறு ரூபாய் கொடுத்தேன். மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம்.

விரல் கோணியிருந்தாலோ, மரத்துப்போனாலோ, நுனி வெளுத்தாலோ, கணுவின் மேல் தோல் கிழிந்திருந்தாலோ அன்றே போக வேண்டும். நகத்தை ஒட்டிய கணு தொங்கி, தானாக நிமிரவில்லை என்றால் நரம்பு போன்ற தசைநாண் அறுந்திருக்கலாம். அதற்கு ஆறு முதல் எட்டு வாரம் நிமிர்த்தி வைக்கும் சிம்பு வேண்டும், நடுவில் ஒரு முறைகூட மடக்கக் கூடாது. ரைபிளால் அடிபட்டது என்று மருத்துவரிடம் மறைக்காதீர்கள். துப்பாக்கி என்றதும் காவல் துறைக்குத் தகவல் அனுப்பும் நடைமுறை உண்டு. உரிமத்தின் நகலைக் காட்டினால் பேச்சு சுருக்கமாக முடியும்.

எனக்கு நடுவிரலையும் மோதிர விரலையும் சேர்த்து நான்கு வாரம் கட்டி வைத்தார்கள். முழுமையாக மடங்க மேலும் ஆறு வாரம் ஆயிற்று. தினமும் வெதுவெதுப்பான நீரில் கையை வைத்து மடக்கி நீட்டிப் பழகினேன். மறுபடி ரைபிளை எடுக்கலாமா என்று கேட்டபோது மாமா ஒரு வாளித் தண்ணீரைக் காட்டினார். சுட்டுவிரலை நீட்டிக்கொண்டு, மற்ற மூன்று விரலால் மட்டும் அதைத் தூக்கி ஒரு நிமிடம் நிற்கச் சொன்னார். முதல் முறை பாதியிலேயே இறக்கிவிட்டேன். மூன்று வாரம் கழித்து நிற்க முடிந்தது; அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் தளத்துக்கு அழைத்துப் போனார்.